நின்றுபோன லாரியை யார் நகர்த்துவது?

2025 நவம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பலோடி அருகே, நின்றிருந்த டிரெய்லர் லாரியின் பின்புறம் ஒரு வேன் மோதியதில் 15 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை தெலங்கானாவின் செவெள்ளா அருகே ஜல்லி ஏற்றிவந்த டிப்பர் லாரி அரசுப் பேருந்து மீது மோதியது. லோடு பேருந்துக்குள் சரிந்தது. 19 உயிர்கள் போயின. பலோடி விபத்தை உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓரிடத்தில் நின்ற லாரி, இன்னோரிடத்தில் ஜல்லி லாரி. இரண்டையும் தினமும் ஒரே சாலையில் பார்க்கும் ஊர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்தில் இருக்கின்றன.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்க இங்கே 108 வருகிறது. 2008 முதல் தமிழகத்தின் கடைக்கோடிக் கிராமம் வரை அந்தச் சேவை வேரூன்றியிருக்கிறது. பக்கத்திலுள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மனிதருக்கான ஏற்பாடு ஓரளவு அமைந்துவிட்டது. ஆனால் அச்சு முறிந்து, டயர் வெடித்து, ஏரிக்கரையில் சரிந்து நடுவழியில் கிடக்கும் வண்டிக்கு யாரும் இல்லை. அந்த வண்டி கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த விபத்துக்கான நேரம்.

சுங்கச்சாவடிச் சாலையோடு நின்றுவிடும் கிரேன்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உங்கள் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். சுங்கம் வசூலிக்கிற சாலையில் ஆம்புலன்ஸ், ரோந்து வண்டி, கிரேன் மூன்றையும் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ஏற்பாடு. வண்டியைச் சாலையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் விடுவது அவர்கள் வேலை. எல்லா நேரமும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழைக்க ஓர் எண் இருக்கிறது, பொறுப்பேற்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

அதே நெடுஞ்சாலையில் புக்கத்துறையில் மேற்கே திரும்பி உத்திரமேரூர் சாலையில் ஏறுங்கள். அங்கிருந்து அந்த ஏற்பாடு இல்லை. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் செங்கல்பட்டுக்கும் பிரியும் சாலைகளும் அப்படித்தான். மாநில நெடுஞ்சாலைத் துறை சாலையைப் போடும், குழியை அடைக்கும். நின்ற வண்டியை நகர்த்த அதனிடம் வண்டி கிடையாது.

இத்தனைக்கும் கனரக வண்டி அதிகம் ஓடுவது இந்தப் பக்கம்தான். மதூர், பழவேரி, அருங்குன்றம், சாலவாக்கம் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நெருக்கமாக இருக்கின்றன. சென்னையிலும் அதன் புறநகரிலும் எழும் அடுக்குமாடிகளுக்கான ஜல்லியிலும் எம்-சாண்டிலும் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்றுக்கு, சரக்கோடு சேர்த்து, சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன். அவ்வளவு எடையோடு அது ஓடுகிற கிராமச் சாலைகளில் பல, பேருந்தும் லாரியும் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய அகலம்தான். ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் நஞ்சை. ஒதுங்கி நிற்க இடமில்லாத சாலையில் வண்டி நின்றால், அது சாலையில்தான் நிற்கும்.

ஓர் இரவில் நடப்பது

இந்தப் பக்கத்துச் சாலைகளில் இரவில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. லோடு லாரியின் மெயின் பட்டை உடைந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். பின்விளக்கு புழுதியில் மங்கியிருக்கும், அல்லது பேட்டரி இறங்கி அணைந்திருக்கும். ஓட்டுநரும் கிளீனரும் வேலியோரத்து வேப்பங்கிளை நாலை ஒடித்து வண்டியின் பின்னால் போடுவார்கள். கருங்கல் சிலவற்றை வரிசையாக வைப்பார்கள். எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இருந்தாலும் டூல்ஸ் பெட்டியின் அடியில் கிடக்கும். திருடு போய்விடும் என்று எடுத்து வைக்கத் தயங்குவார்கள்.

பிறகு முதலாளிக்குப் போன் போகும். முதலாளி தெரிந்த ஜேசிபிக்காரருக்குப் போன் செய்வார். ஜேசிபி இன்னொரு வேலையில் இருக்கும். வர இரண்டு மணி நேரம் ஆகலாம், விடிந்தும் போகலாம். அதுவரை கிளை வாடிக்கொண்டிருக்கும். ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கத்து ஆலைகளிலிருந்து இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புகிற இளைஞர்கள் இருசக்கர வண்டியில் அந்த வழியேதான் வருவார்கள். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது, முன்னால் நிற்கும் இருண்ட லாரி தெரியாது.

விடிந்ததும் லாரி போய்விடும். கற்கள் அங்கேயே கிடக்கும். எடுத்து ஓரம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மறுநாள் இரவு அந்தக் கல்லில் ஏறிச் சறுக்கி விழுகிற பால்காரருக்கு, முந்தைய நாள் லாரி நின்றதே தெரிந்திருக்காது. நின்ற வண்டி செய்யும் கெடுதல் அது போன பிறகும் தொடர்கிறது.

2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அது. 17,884 பேர் இறந்தார்கள். வேகம், குடி, ஹெல்மெட் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நின்றுபோன வண்டியை எவ்வளவு நேரத்தில் அகற்றுகிறோம் என்ற கேள்வி எந்த மேடையிலும் எழுவதில்லை.

எதைக் கொண்டு இழுக்கிறோம்?

நம் ஊர்களில் மீட்புக் கருவி என்றால் ஜேசிபி, டிராக்டர், ஹைட்ரா கிரேன், ஒரு சங்கிலி. நான்கும் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. அவசரத்துக்கு உதவுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் எல்லை எதுவென்று தெரியாமல் பயன்படுத்துவதால்தான் மீட்க வந்தவரே மாட்டிக்கொள்கிறார். செவெள்ளாவில் மீட்புப் பணியில் இருந்த காவல் ஆய்வாளரின் காலில் ஜேசிபி ஏறி அவர் காயமடைந்தார்.

வழக்கமான ஜேசிபியின் சொந்த எடை ஏறத்தாழ ஏழரை டன். சரிவில் நிற்கும் 28 டன் லாரியை அது இழுக்கும்போது, லாரி பின்னுக்கு உருளத் தொடங்கினால் ஜேசிபியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஹைட்ராவின் மேல் ‘14 டன்’ என்று எழுதியிருந்தால், கையைக் குறுக்கி, சுமையை மிக அருகில் வைத்துத் தூக்கும்போது கிடைக்கிற திறன் அது. கையை நீட்ட நீட்டத் திறன் சரசரவென்று இறங்கும். ஏரிக்கரைக்கு அடியில் கிடக்கும் வண்டியை மேலே சாலையில் நின்றபடி கை நீட்டித் தூக்க முயலும்போது, ஹைட்ராவே மூக்குக் குப்புறக் கவிழ்கிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெல்ட்டும் சங்கிலியும் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். தூக்குவதற்கான பெல்ட்டுகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: பச்சை என்றால் 2 டன், மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன். ஓரத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் அது எழுதியிருக்கும். நம் ஊரில் அந்தச் சீட்டு கிழிந்து, பெல்ட் எண்ணெயில் ஊறிக் கறுத்து, நடுவில் ஒரு முடிச்சும் போட்டிருப்பார்கள். முடிச்சுப் போட்ட இடத்திலேயே பெல்ட்டின் பலம் பெருமளவு போய்விடுகிறது. இரும்புக் கயிறு இழுவிசை தாங்காமல் அறுந்தால், அதில் சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரு நொடியில் சாட்டையாகச் சுழன்று திரும்பும். பக்கத்தில் நிற்பவரின் காலை, கழுத்தை எடுத்துவிடும். இழுக்கும் கயிற்றின் நீளத்தை விடக் கூடுதலான தூரத்தில்தான் ஆட்கள் நிற்க வேண்டும். கயிற்றின் நடுவில் நனைந்த கனமான சாக்கைப் போட்டால் அறுந்த நுனி எகிறுவது தணியும். காசு செலவில்லாத காரியம் இது. ஆனால் நாம் செய்வது என்ன? வண்டி இழுக்கிறார்கள் என்றால் ஊரே கயிற்றின் இருபுறமும் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

டிராக்டர் விஷயம் இதைவிடக் கொடியது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க, டிராக்டரின் பின்புறத்தில் எது கைக்கு வசதியோ அதில் கயிற்றைக் கட்டுவது வழக்கம். பின் அச்சுக்கு மேலே கட்டிவிட்டால் தீர்ந்தது. சிக்கிய வண்டி அசையாது. டிராக்டரின் பின்சக்கரம் நிலத்தைப் பற்றிக்கொள்ளும். முன்சக்கரம் மேலே எழும்பும். அது எழும்பத் தொடங்கியதிலிருந்து டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும் வரை ஒன்றரை நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். டிரெய்லர் மாட்டுவதற்குக் கீழே, அச்சுக்கும் தாழ்வாக இருக்கிற கொக்கியில் மட்டும்தான் கட்ட வேண்டும். டிராக்டர் ஓட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது ஒன்று.

எவ்வளவு இழுவை தேவை என்ற கணக்கும் பலருக்குத் தெரிவதில்லை. ராணுவங்களின் மீட்புப் பிரிவுகள் பின்பற்றுகிற எளிய கணக்கு ஒன்று உண்டு. சக்கரம் அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டியை எடுக்க அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. ஏரியில் வண்டல் மண் அள்ளப் போய், லோடோடு இறங்கிவிட்ட டிராக்டர் டிரெய்லரை இன்னொரு டிராக்டரால் ஏன் அசைக்க முடியவில்லை என்பது இப்போது புரியும். முதலில் மண்ணைக் கொட்டி எடையைக் குறைக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் தோண்டிச் சரிவு கொடுக்க வேண்டும், பிறகு கப்பி போட்டு இழுக்க வேண்டும். சிக்கிய வண்டியில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டினால், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் ஏறத்தாழ இரட்டிப்பு விசையோடு இழுக்கும். கிணற்றில் கமலை இறைத்த நாட்டுக்குக் கப்பியின் பயனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழுவைக்குத் தகுந்த கப்பி ஊரில் இல்லை என்பதுதான் குறை.

லோடு லாரியை இழுப்பதில் இன்னொரு சிக்கல். இவற்றில் இருப்பது காற்று பிரேக். இன்ஜின் ஓடாமல் காற்று இறங்கிவிட்டால் பின்சக்கர பிரேக் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் ஜேசிபியால் தரதரவென்று இழுத்தால் டயர் தேய்ந்து கிழியும், தார் பெயரும். முறையான மீட்பு வண்டியில் காற்றுக் குழாய் இருக்கும். தன்னிடமிருந்து காற்றைக் கொடுத்து பிரேக்கை விடுவிக்கும். அது இல்லாத இடத்தில் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் சேம்பரின் போல்ட்டைத் திருகி விடுவிக்கிறார். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் சரிவில் இதைச் செய்தால், விடுபட்ட லாரி அவர் மேலேயே உருளும். நீண்ட தூரம் இழுப்பதானால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் சுற்றாமல் கியர் பாக்ஸ் கருகிவிடும். பழைய ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

கிராமத்துக்கும் வந்துவிட்ட புது வண்டிகள்

கயிறு கட்டி இழுப்பது முன்பு எல்லா வண்டிக்கும் பொருந்தியது. இப்போது அப்படியில்லை. கியர் மாற்றாமல் ஓடும் ஆட்டோமேட்டிக் கார்களின் ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்துச் சென்றால் கியர் பாக்ஸ் வீணாகும். மின்சார வண்டிகளில் சக்கரம் சுழன்றாலே மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கும். இழுத்துச் செல்லும்போது உள்ளே சூடேறிப் பழுதாகும், தீப்பிடிக்கவும் கூடும். இவற்றைத் தட்டையான மேடை கொண்ட ஃப்ளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உத்திரமேரூர் கடைத்தெருவில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. நின்ற ஸ்கூட்டரைப் பக்கத்து வண்டிக்காரர் காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. சாதாரண வண்டிக்கே அது ஆபத்து.

கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஸ்டெப்னி இருக்கும் இடத்தில், ஜாக்கியோடு ஒரு வளையம் வைத்த இரும்புத் திருகு இருக்கும். முன் பம்பரில் ஒரு சிறு மூடியைத் திறந்து அதைத் திருகி மாட்டினால், கயிறு கட்டும் இடம் அதுதான். இதைத் தெரியாமல் பம்பரிலும் சஸ்பென்ஷன் கம்பியிலும் கட்டி இழுத்து உடைத்துக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது, காப்பீடு என்ன தருகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு, போக்குவரத்துக்கு இடையூறாகக் கைவிடப்பட்ட அல்லது சிதைந்த வண்டியை உடனே இழுத்து அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்குத் தருகிறது. இழுக்கும் செலவு உரிமையாளருடையது என்றும் சொல்கிறது. 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் விதிமுறைகளின்படி இழுக்கும் வண்டிக்கும் இழுக்கப்படும் வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆக, சட்டத்தில் குறையில்லை. உத்தரவிடும் காவல் அதிகாரிக்கு, எந்த வண்டியை அழைப்பது என்பதுதான் தெரியாது. அவரும் அதே ஜேசிபிக்காரரைத்தான் அழைக்கிறார்.

காப்பீடு இன்னும் வேதனை. வழக்கமான மோட்டார் பாலிசியில், விபத்தான வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுசேர்க்கும் செலவுக்கு ஓர் உச்சவரம்பு அச்சிட்டிருக்கும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய். காருக்கு 1,500. சரக்கு லாரிக்கு 2,500. 2002இல் வகுத்த தொகை அது. கவிழ்ந்து கிடக்கும் டாரஸ் லாரியை நிமிர்த்த வரும் கிரேனுக்கு 2,500 ரூபாய் எந்த மூலைக்கு? அதுவும் விபத்துக்கு மட்டும். பட்டை முறிந்து நின்றால் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் ஒற்றை லாரியை வட்டிக்கு வாங்கி ஓட்டுபவர் எத்தனை பேர் அதைக் கட்டுவார்கள்?

ஆகவே பேரம் நடக்கிறது. இரவு, மழை, ஒற்றை ஜேசிபி, அவசரப்படுத்தும் காவலர். கேட்கும் தொகையைக் கொடுத்தாக வேண்டும். தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் விடியட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நம் சாலைகளில் வண்டி மணிக்கணக்கில் கிடப்பதற்கு அலட்சியத்தைவிடப் பணமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

பிரிட்டனில் காவல் துறை அகற்றும் வண்டிக்கு என்ன கட்டணம் என்பதை அரசே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. வண்டியின் எடை என்ன, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா, லோடு இருக்கிறதா இல்லையா, சாலையில் கிடக்கிறதா சாலைக்கு வெளியிலா என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. சாலையில் நிமிர்ந்து நிற்கும் 3.5 டன்னுக்குட்பட்ட வண்டிக்கு 2023 முதல் 192 பவுண்டு. பேரம் கிடையாது. ஆட்டோவுக்கு மீட்டர் கட்டணம் நிர்ணயிக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

மீட்பு வண்டி உயிர் காக்கும் வண்டியும்தான்

வண்டியைத் தூக்குவது சொத்தைக் காப்பது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நொறுங்கிய கேபினுக்குள் கால் சிக்கிய ஓட்டுநரை எடுக்க, முதலில் வண்டி அசையாதபடி நிறுத்திப் பிடிக்க வேண்டும். 108 வந்து பக்கத்தில் நின்றாலும், கேபினைத் தூக்கும் கருவி வராமல் அதில் வரும் மருத்துவ உதவியாளரால் அவரை வெளியே எடுக்க முடியாது. 2025 மே 17 அன்று தூத்துக்குடி மாவட்டம் மீரான்குளத்தில் சாலையோரக் கிணற்றுக்குள் ஆம்னி வேன் விழுந்து குழந்தை உட்பட 5 பேர் இறந்தார்கள். வேலியில்லாத கிணறுகள் சாலையை ஒட்டி இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு.

குவாரிகளின் கதை இன்னும் கடினம். 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரியில் மண்ணும் பாறையும் சரிந்து ஆட்களும் வண்டிகளும் புதைந்தன, உயிரிழப்பும் ஏற்பட்டது. 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் 6 பேர் சிக்கிக்கொண்டார்கள், 4 பேர் இறந்தார்கள். அங்கே கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் போல ஆனது. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை போக வேண்டியிருந்தது. அரக்கோணம் நமக்குப் பக்கம் என்று ஆறுதல் அடைந்துவிட முடியாது. ஆள் மண்ணுக்குள் இருக்கும்போது முதல் ஒரு மணி நேரத்தில் கைவசம் இருக்கும் கருவிதான் கணக்கு.

பணம் இருக்கிறது

மீட்பு வண்டி என்ற ஒன்றே இப்படி ஒரு விபத்திலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், ஓடையில் கவிழ்ந்த நண்பரின் காரை ஆட்களையும் கயிற்றையும் கட்டைகளையும் கொண்டு நாள் முழுக்கப் போராடி எடுத்தார். அந்தச் சலிப்பில், 1916இல் பழைய கார் ஒன்றின் மேல் கம்பமும் கப்பியும் பொருத்தி முதல் மீட்பு வண்டியைச் செய்தார். இன்று அந்த ஊரில் மீட்பு வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம்மிடம் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள், அதைவிட அதிகமும் இருக்கிறது. பாரத்பென்ஸ் லாரிகள் உருவாகும் டைம்லர் ஆலை இதே மாவட்டத்தின் ஒரகடத்தில்தான் 2012 முதல் இயங்குகிறது. வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் அங்கேயே இருக்கிறது. லாரியைச் செய்யவும் சோதிக்கவும் தெரிந்த மாவட்டத்தில், நின்ற லாரியை நகர்த்த முறையாகப் பயின்ற ஒரு குழு உத்திரமேரூருக்கு இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை.

பணத்துக்கு வழி தேட வேண்டியதில்லை. குவாரி நடத்துபவர்கள் அரசுக்குச் செலுத்தும் கட்டணத்தோடு, மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு செலுத்துகிறார்கள். குவாரியால் பாதிக்கப்படும் பகுதிக்கே செலவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நிதி. 2025 ஏப்ரல் முதல் கனிம நிலங்களுக்குத் தனி வரியும் வந்திருக்கிறது. ஜல்லி லாரி ஓடும் சாலையில் நின்ற ஜல்லி லாரியை அகற்றுவதைவிட இந்த நிதிக்குப் பொருத்தமான செலவு எது?

என்ன செய்யலாம்?

முதல் தேவை ஒரு கனரக மீட்பு வண்டி. லோடு லாரியின் முன் அச்சை அடியிலிருந்து தாங்கித் தூக்கும் கையும், வின்ச்சும், காற்றுக் குழாயும் கொண்டது. அதோடு கார், ஆட்டோ, மின்சார வண்டிகளுக்காக ஒரு ஃப்ளாட்பெட். இரண்டும் உத்திரமேரூரில் இரவு பகலாக நிற்க வேண்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையிடம் ஒப்படைத்தால் நல்லது. அவர்களுக்கு ஏற்கனவே அழைப்பு எண்ணும் ஒழுங்கும் இருக்கின்றன. அரசு நேரடியாக நடத்த முடியாவிட்டால், டெண்டர் மூலம் தனியாரிடம் விடலாம். ஆனால் அழைப்புக்கும் வருகைக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், மீறினால் அபராதமும்.

வண்டி வாங்குவதற்குக் காத்திருக்காமல், இப்போதே செய்யக் கூடியவை சில. வட்டத்தில் உள்ள ஜேசிபி, ஹைட்ரா, பெரிய டிராக்டர் உரிமையாளர்களைக் காவல் துறை பதிவு செய்து, யார் எந்த ஊரில், எவ்வளவு திறனுள்ள கருவியோடு இருக்கிறார் என்ற பட்டியலை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் ஒட்டலாம். பதிவு செய்தவர்களுக்கு மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கலாம். ஒரகடத்து ஆலைகளின் பொறியாளர்களை அழைத்தால் வருவார்கள். பயிற்சி முடித்தவருக்குத் திறன் குறித்த பெல்ட், ஷேக்கிள், கப்பி, சக்கரக் கட்டை, ஒளிரும் கூம்பு அடங்கிய ஒரு பெட்டியைக் கனிம நிதியிலிருந்தே தரலாம்.

கட்டணப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். எடை வாரியாக, நிமிர்ந்த வண்டிக்கு ஒன்று, கவிழ்ந்ததற்கு ஒன்று, இரவுக்கு ஒரு கூடுதல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2,500 ரூபாய் வரம்பை இன்றைய விலைக்கு உயர்த்த வேண்டும்; லாரி உரிமையாளர் சங்கங்கள் டீசல் விலைக்குக் காட்டும் வேகத்தை இதற்கும் காட்டட்டும்.

குவாரிகளுக்கும் கடமை உண்டு. லோடு ஏற்றிக் கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு லாரியிலும் எரியும் பின்விளக்கு, ஒளிரும் பட்டை, இரண்டு எச்சரிக்கை முக்கோணம், நான்கு சக்கரக் கட்டை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நடைச்சீட்டு கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறை, ஏரிக்கரைச் சாலைகளில் இடம் கிடைக்கும் இடங்களில் லாரி ஒதுங்கி நிற்க அகலமான பகுதிகளை அமைக்க வேண்டும்.

ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். சுற்றியுள்ள ஊராட்சிகள் அடுத்த கிராம சபையில், தங்கள் எல்லைக்குள் வண்டி அடிக்கடி நிற்கும் இடங்களையும் வேலியில்லாத கிணறுகளையும் பட்டியலிட்டு, மீட்பு வண்டி கேட்டுத் தீர்மானம் போடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழையில் சாலையோரம் இளகி, லோடு வண்டிகள் ஏரிக்குள்ளும் வயலுக்குள்ளும் இறங்குவது அப்போதுதான் அதிகம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அதற்கு முன் கூடும் கூட்டத்தில், உத்திரமேரூருக்கான மீட்பு வண்டியை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, கனிம நிதியிலிருந்து தொகையை ஒதுக்க வேண்டும்.